ராஜகிரியும் என் இடது குதிகாலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தனியாகச் செஞ்சிக்குப் போய் வந்தேன். எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஐந்து பேர் வருடத்துக்கு ஒரு மலை ஏறுவது வழக்கம். இந்த முறை மற்ற நால்வரும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் நிற்கும் படத்தைப் பார்த்துத்தான் அவர்கள் போன விஷயமே எனக்குத் தெரிந்தது. "உனக்குக் கால் வலிக்குமேன்னுதான் கூப்பிடல" என்றாள் ஒருத்தி. உண்மைதான். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. அடுத்த வாரம் நானே கிளம்பிவிட்டேன்.

எனக்கு வயது முப்பத்தொன்பது. அழற்சி மூட்டுவாதம் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் தசைநார் எலும்போடு சேரும் இடங்களையும் தாக்கும் நோய் இது. என்னிடம் அது பிடித்துக்கொண்ட இடம் இடது குதிகால். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நோயை அடக்கும் மாத்திரை, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, ஷூவுக்குள் சிலிக்கான் மெத்தை, வலி கூடும் நாளில் ஐஸ் ஒத்தடம். "இதுல எது யாருக்குக் கேட்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா, பொறுமையா பார்க்கலாம்" என்றார். ஒரு வருடமாகப் பொறுமையாகப் பார்க்கிறேன். வலி பாதியாகியிருக்கிறது.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ். செஞ்சிக்கு நூற்று முப்பது ரூபாய், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் எனக்குக் கால் மரக்கட்டையாகிவிடும். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது எழுந்து நின்றுகொண்டேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் ஏழுமலைக்கு முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. திரும்பும்போது கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு கல்யாண மஹால், தானியக் களஞ்சியம் எல்லாம் சுற்றினேன். தரை சமமாக இருந்ததால் கால் ஒத்துழைத்தது. அந்தத் தைரியத்தில் ராஜகிரி படிகளில் கால் வைத்தேன். மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்க மாட்டேன், குதிகாலில் ஆணி அடித்தது போல ஒரு குத்து. பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பெரிய குடும்பம் மேலே வந்தது. "அக்கா, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். ஒருத்தரும் விடுபடாமல் எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு ஏறினார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் அடங்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பார்க்க ஆளில்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

கீழே வந்து ஏழுமலையைக் கூப்பிட்டேன். வந்து இறங்கியவர், வலது காலைத் தரையில் ஊன்றாமல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலுக்கு என்னாச்சுங்க?"

"குதிகாலு வலி, அக்கா. காலையில தரையில வெச்சா உசுரே போவுது. முதுகும் வெறச்சிக்கும். வண்டி ஓட்ட ஓட்ட தேவலாம்பூடுது."

"ராத்திரி வலியில முழிப்பு வருதா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்டி தெரியும்?"

என் ஷூவைக் கழற்றிச் சிலிக்கான் மெத்தையைக் காட்டினேன்.

"எலும்பு வளந்துருக்குது, ஆபரேசன் பண்ணணும்னு ஒரு எடத்துல சொல்ட்டாங்க. ரெண்டு மாசம் வண்டி எடுக்காம இருந்தா வூட்ல இன்னா பண்றது? அதான் போவல."

"நான் டாக்டர் இல்லைங்க. ஆனா கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி மூட்டுவாத டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்க. முதுகு விறைப்பையும் மறக்காம சொல்லுங்க."

புதுச்சேரி அரசு மருத்துவமனையில் அதற்குத் தனிப்பிரிவு இருப்பதை அங்கேயே போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். நான் தினமும் செய்யும் கெண்டைக்கால் பயிற்சியைப் பற்றிச் சொன்னதும், அதைக் காட்டச் சொன்னார். கோட்டைச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் நின்றேன். பக்கத்தில் அவரும் நின்றார்.

வெள்ளரிக்காய் விற்ற அம்மா சிரித்துவிட்டார். "இன்னா ஏழுமலை, ரெண்டு பேரும் கோட்டைய தள்றீங்களா?"

அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை திண்டிவனம்வரை காலியாகவே இருந்தது.

என்னைப் போலக் குதிகால் வலியோடு போகிறவர்களுக்கு: நோய் தணிந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடித்து நிற்கும் ஷூதான் நல்லது. கல்யாண மஹாலும் கீழே இருக்கும் கோயிலும் மட்டுமே அரை நாளுக்குப் போதும். படியேறினால், பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். இறங்குவதுதான் குதிகாலுக்குக் கஷ்டம். வலிக்கிறது என்பதற்காக நோய்க்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். குதிகாலுக்குப் பின்னால் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், தசைநார் அறுந்துபோகும் ஆபத்து உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை ஏழுமலை போன் செய்தார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். என்னுடையதைப் போன்ற வாதம்தானாம். "கத்தியெல்லாம் வாணாம்னுட்டாங்கக்கா. மாத்திரை குடுத்துருக்காங்க, நீங்க காட்டுன பயிற்சியதான் அங்கயும் சொல்லிக் குடுத்தாங்க. வலி இன்னும் இருக்குது, ஆனா வண்டி ஓட்றேன்."

சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைக்கப் போனேன்.

"உங்க காலு எப்டிக்கா இருக்குது?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தேன்.