அட்டையில் இல்லாத தண்ணீர்

அதிபர் மாளிகையின் சமையற்கட்டில் அவளுக்கு இனிப்பக்கா என்று பெயர். பத்தொன்பது வயதில் முட்டை உடைக்கும் வேலைக்கு வந்தாள். மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்துப் பிரித்தே இரண்டு வருடம் போயிற்று. பிறகு பிரெஞ்சுச் சமையல்காரர் ஒருவர் நாற்பது நாள் வந்து அங்கே சமைத்தார். அவர் பேச்சு இவளுக்குப் புரியாது, இவள் பேச்சு அவருக்குப் புரியாது. கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவர் போனபின், க்ரெம் ப்ரூலே என்று அவர் சொன்ன பண்டத்தை மதிய ஓய்வில் தனியாகச் செய்து பார்த்தாள். பதினேழு முறை திரிந்தது. பதினெட்டாவது முறை வழுவழுவென்று வந்தது.

அதில் போவது க்ரீம், மஞ்சள் கரு, சர்க்கரை, வெனிலா அவ்வளவுதான். கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் உறையவிட வேண்டும். ஆறியதும் மேலே சர்க்கரை தூவி நெருப்பால் சுட்டால் கண்ணாடி மாதிரி ஒரு மூடி படியும். எல்லாச் சூட்சுமமும் தண்ணீரில் இருக்கிறது. கிண்ணங்கள் பாதி முழுகும்படி வெந்நீர்த் தட்டில் நிறுத்தித்தான் ஓவனுக்குள் ஏற்ற வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் சூடு நேராகத் தாக்கி, முட்டை கட்டிகட்டியாகத் திரிந்துவிடும்.

அதிபரின் மனைவிக்கு அந்தப் பண்டம் என்றால் உயிர். அங்கே எல்லோருக்கும் அவர் மேடம். சில நாள் தானே சமையற்கட்டுக்கு இறங்கி வந்து, கரண்டியின் முதுகால் இரண்டு தட்டு தட்டி மூடியை உடைத்து, நின்றபடியே சாப்பிடுவார். ஒருமுறை ஒரு பத்திரிகை அவருடைய கைப்பக்குவத்தைக் கேட்டது. மேடத்துக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. அதனால் அவருடைய செயலாளரம்மா குறிப்பேட்டுடன் வந்து இனிப்பக்காவைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"தண்ணித் தட்ட எழுதலையேம்மா."

"தண்ணி உள்ளயா போகுது? உள்ள போறத மட்டும் சொல்லு."

பத்திரிகை வந்தது. படத்தில் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் இருந்தது இனிப்பக்காவின் ஏப்ரன். மேடம் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டி, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், என்ன?" என்றார். இனிப்பக்காவும் சிரித்தாள். இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக வந்து நின்றது.

மேடம் காலமாகி ஒரு வருடம் ஆனது. அவர் பிறந்தநாளில் அவருடைய வாழ்க்கையைக் கொண்டாட மாளிகையிலேயே மதிய விருந்து, நூற்றெண்பது பேர். நினைவு அறக்கட்டளைக்கு இப்போது அதே செயலாளரம்மாதான் தலைவி. காலையிலேயே கெட்டி அட்டைக் கட்டோடு வந்துவிட்டார். மேலே மேடத்தின் படம், கீழே 'அவர் கைப்படச் செய்து பழகிய க்ரெம் ப்ரூலே', அதன்கீழ் செய்முறை. ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒன்று வைப்பார்களாம்.

இனிப்பக்கா இரண்டு முறை படித்தாள். தண்ணீர் இல்லை. அவளும் இல்லை.

"அம்மா, இத நான்தானே செஞ்சேன். கீழ ஒரு மூலையிலயாவது என் பேரப் போட்டிருக்கலாம்."

"இன்னைக்கு யாரோட நாள்? உன்னோட நாளா?" என்றார் தலைவி. "அச்சாகி வந்தாச்சு. இதுல இருக்கிறபடியே செய். மேடம் செஞ்ச மாதிரியே இருக்கணும்."

அவர் செருப்புச் சத்தம் படியேறி மறையும்வரை இனிப்பக்கா முட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒத்தாசையாக அங்கேயே வேலை பார்த்த நாத்தனார் பக்கத்தில் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, மூஞ்சியிலயே சர்க்கரையச் சுடலாம் போல இருக்கு."

"பேசாம துடைடி."

"சொன்னபடி செஞ்சு குடுத்துருங்க. நூத்தியெண்பதும் திரியட்டும். மேடம் கைப்பக்குவம்னு எல்லாரும் மென்னு முழுங்கட்டும்."

இனிப்பக்கா அதை நினைக்காமல் இல்லை. தலைவி முதல் வாய் வைப்பதும், முகம் கோணுவதும், மேசை மேசையாகக் கரண்டிகள் கீழே இறங்குவதும் கண்ணுக்குள் ஓடின. நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் ஓவனைத் திறந்ததும் கை தானாகக் கெட்டிலை எடுத்துத் தட்டில் வெந்நீரை ஊற்றியது. முப்பது வருடம் பழகிய கை. அதன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. சரியாகச் செய்தால் அந்த அட்டை சொல்வது உண்மையாகிவிடும். கெடுத்தால் ஊர் பெயர் தெரியாதவர்கள் கெட்டதைத் தின்ன வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள்?

நூற்றெழுபத்தொன்பது கிண்ணங்கள் தண்ணீரில் நின்றன. கடைசி ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தாள். அட்டையை எதிரே சாய்த்து வைத்து வரிவரியாகப் படித்தாள். அதில் சொன்னபடியே, சொன்ன நேரத்துக்கு, வெறும் தட்டில் வைத்துச் சின்ன ஓவனில் ஏற்றினாள்.

"அது யாருக்கு அண்ணி?"

"கேட்டவங்களுக்கு."

வெந்து வந்தபோது ஓரமெல்லாம் அவித்த முட்டை மாதிரி உதிர்ந்து தண்ணீர் விட்டிருந்தது. ஆறவிட்டு, வடிந்ததைத் துணியால் ஒற்றி, சர்க்கரை தூவிச் சுட்டாள். மூடி படிந்தபின் நூற்றெண்பதும் ஒரே முகமாக இருந்தன. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, "இது தலை மேசையில முதல் நாற்காலிக்கு. கை மாறக்கூடாது," என்று தானே தட்டில் வைத்தாள்.

மேலே பேச்சுகள் முடிந்தன. பிறகு கூடம் முழுக்க மூடிகள் உடையும் சத்தம், சரளைக்கல்லில் நடப்பது போல, படிவழியே இறங்கி வந்தது. கைதட்டல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் தலைவி கையில் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க. எனக்கு வந்தது மட்டும் திரிஞ்சு கிடக்கு. என்ன இது?"

"அது மேடம் செஞ்சதுங்கம்மா," என்றாள் இனிப்பக்கா. "அட்டையில இருக்கிறபடி, ஒரு எழுத்து மாறாம. மத்தது எல்லாம் நான் செஞ்சது."

தலைவி கிண்ணத்தைப் பார்த்தார். ஓவன் பக்கம் திரும்பினார். திறந்து கிடந்த ஓவனுக்குள் தட்டுகளில் தண்ணீர் இன்னும் நின்றது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தைச் சத்தமில்லாமல் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

மீந்துபோன அட்டைகள் ஒரு கட்டு மூலையில் கிடந்தன.

"இத என்ன பண்றது அண்ணி?"

இனிப்பக்கா இரண்டு கையாலும் பிடித்து முதல் தட்டை ஓவனிலிருந்து வெளியே இழுத்தாள். விளிம்பில் தண்ணீர் தளும்பியது.

"கீழ விரி. தட்ட அது மேல வைக்கிறேன். தண்ணி இப்பவாவது அதுல ஏறட்டும்."