விடியற்காலையில் மண்டியிட்டு நின்ற வண்டி

அந்த வண்டி மூன்றாவது முறையாகப் போடியில் உள்ள என் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு முறை பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பியாயிற்று. ஓட்டிவந்த பாண்டி, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் டிரைவர். இறங்கும்போதே அவன் முகம் செத்துப்போயிருந்தது.

“அண்ணே, இன்னைக்கும் படுத்துருந்துச்சு. முதலாளி என் சட்டையப் புடிச்சுட்டாருண்ணே. ‘செத்தவள வச்சு வெளாடுறியா’ன்னு கேக்குறாரு. காரணம் தெரியலைன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரணுமாம்.”

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு விளக்கம். அது கரடுமுரடான பாதையில் ஓடும் பெரிய வண்டி. அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, சக்கரத்துக்கு ஒன்றாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் என்போம். ஒவ்வொரு சக்கரத்திலும் உயரத்தைப் பார்க்க ஒரு சென்சார் உண்டு. பாறைமேல் போக வண்டியைத் தூக்கலாம். முடியாதவர்கள் ஏற வேண்டுமென்றால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், புஸ்ஸென்று காற்றை விட்டு வண்டி மண்டியிடும்.

முதலாளியின் மனைவி சௌந்தரத்துக்கு மூட்டுவலி. தினமும் காலையில் தோட்டத்தைச் சுற்றப் புறப்படுவார். பாண்டி வண்டியை இறக்கி, பின்பக்க இடது கதவைத் திறந்துவிடுவான். எப்போதும் அவருக்கு அந்தச் சீட்டுதான். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து, மாலையில் முழு உயரத்தில் விட்ட வண்டி விடியும்போது வாசலில் தானாக மண்டியிட்டு நின்றது. வேலைக்குப் போகும் பெண்கள் அதைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்களாம். “சௌந்தரம்மா சோலிக்குக் கெளம்பிட்டாக” என்பார்களாம். முதலாளிக்கோ பாண்டிமேல் சந்தேகம். பட்டனை அமுக்கக்கூடிய ஆள் அவன் ஒருவன்தானே.

என் ஷெட்டில் மட்டும் அந்த வண்டி அசையாமல் நின்றது. இந்தமுறை நான் பையைத் தூக்கிக்கொண்டு அதிலேயே மலையேறினேன்.

முதலாளி வாசலிலேயே நின்றார். ஷேவ் செய்து பல நாள் ஆன முகம். “கண்டுபிடிச்சா சொல்லு. இல்லேன்னா இவன் பொழப்ப வேற எங்கயாவது பாத்துக்கட்டும்” என்றார். வண்டிச் சாவிகள் இரண்டையும் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாண்டியைக் காப்பாற்ற அதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

மறுநாள் வெளுத்துவரும் நேரத்தில் வாசலுக்கு வந்தேன். எதிரே இருக்கும் ஏலச்செடிகூடத் தெரியாத அளவு மூடுபனி. முதலாளி காபித் தம்ளரோடு படியில் நின்றார். பாண்டி எனக்குப் பின்னால் நின்றான். வண்டியின் பின்பக்க இடது மூலை ஏற்கெனவே தணிந்திருந்தது. யாரும் கிட்டே போகவில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம். மற்ற மூன்று மூலைகளும் மெதுவாக இறங்கின. சாவிகள் என் பையில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன், இருந்தன. திரும்பினால் பாண்டி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

பயம் இருந்தாலும் வேலையைப் பார்க்க வேண்டுமே. சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பின்பக்க இடது பைக்குக் காற்று போகும் குழாயின் இணைப்பில் தடவினேன். கடுகளவு குமிழி ஒன்று வந்தது. அது உடைந்து இன்னொன்று வந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகிச் சுருங்கிக் காற்றை விட்டது. போடி வெயிலில் அதுவே இளகி அடைத்துக்கொண்டது. எஞ்சின் நின்ற பிறகும் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்கும். ஒரு மூலை தணிந்திருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும்.

முதலாளியைக் கூப்பிட்டுக் குமிழியைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

நிம்மதியில் வந்த கேள்வி இல்லை அது. காரணத்தைக் காட்டியதற்காக முதன்முறையாக வருத்தப்பட்டேன்.

அன்று மதியம் புது வளையம் போட்டேன். வேலைக்கு இடைஞ்சலாக இருந்த சென்சார் கம்பியைக் கழற்றி மாட்டியதால் சரியான உயரம் எது என்று கம்ப்யூட்டருக்கு மறுபடி பதியவைக்க, அதாவது கேலிபரேட் செய்ய வேண்டியிருந்தது. அதற்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். மலையில் கண்ணை நம்பக் கூடாது, சரிவுகூடச் சமமாகத் தெரியும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வைத்து ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் மட்டம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே யாரும் இல்லை.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று பின்பக்க இடது சக்கரத்தில் டேப்பை வைத்தேன். என் கண்ணெதிரே மட்கார்டு விளிம்பு கொஞ்சம் கீழே வந்தது. உடனே காற்றடிக்கும் கம்ப்ரஸர் கிர்ரென்று ஓடி அதைப் பழைய உயரத்துக்குத் தூக்கியது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டி அப்படித்தான் செய்யும்.

பாண்டி சாதாரணமாகச் சொன்னான்: “சௌந்தரக்கா ஏறுனா இப்பிடித்தாண்ணே எறங்கி ஏறும்.”

கேலிபரேஷன் முடிந்ததும் சிஸ்டம் தன்னைச் சோதித்துக்கொள்கிறது என்று அவனிடம் சொன்னேன். சோதனை என்றால் நான்கு மூலையும் அசைந்திருக்க வேண்டும். அதை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அதே பனி. வண்டி முழு உயரத்தில் நிமிர்ந்து நின்றது. முதலாளி அதைச் சுற்றிவந்தார். “மனசுல வச்சுக்காதடா பாண்டி. இந்தா, நீயே வச்சுக்க” என்று என்னிடமிருந்து சாவிகளை வாங்கி அவன் கையில் கொடுத்தார். பாண்டி சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுகளின் பூட்டைத் திறந்தான். என்னைப் போடியில் விட இருவரும் கிளம்பினார்கள். முதலாளி நேரே முன்சீட்டில் ஏறவில்லை. உள்ளே கை நீட்டிப் பட்டனை அமுக்கினார். வண்டி புஸ்ஸென்று மண்டியிட்டது. பின்பக்க இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டுவலிக்காரர் ஒருவர் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்தார்.

குறை எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே போய் வண்டியைப் பார்க்க வேண்டும். என்னிடம் வேலை கற்கிறவர்களுக்கு இந்த வேலையிலிருந்து நான் சொல்வது இதுதான். மற்றதை இப்போதுதான் எழுதுகிறேன்.

எனக்கு மிச்சமிருந்தது பின்சீட்டு. சுற்றிவந்து வலது கதவு வழியாக ஏறி, கதவோடு ஒட்டி உட்கார்ந்தேன். கருவிப் பை நல்ல கனம். மலையை விட்டு இறங்கும்வரை அதை இடதுபக்கச் சீட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.