மங்கை டீச்சர் கட்டிய ரயில் என்ஜின்

சேத்தியாத்தோப்பில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசையத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"சார், ராஜமாணிக்கம் பேசறேன். மங்கை போயிட்டா."

எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் குரல் என்னை நிறுத்தியது.

"காலையில காப்பி குடுத்துட்டு நாற்காலியில உக்காந்தா. கூப்பிட்டேன், பதில் வரல. கிட்டப் போயி தொட்டுப் பாத்தேன் சார்." இலையை மூடிவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

மங்கையர்க்கரசி டீச்சரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிதம்பரத்தில் ஒரே பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் அறிவியல். வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். தினமும் ரயிலில் வந்து போவார். கணவர் ராஜமாணிக்கம் ரயில் ஓட்டுநர். மீட்டர்கேஜ் காலத்தில் நீராவி என்ஜின் ஓட்டியவர், பிறகு டீசலுக்கு மாறினார். "உங்க வீட்டுக்காரர் ஓட்டற வண்டியா டீச்சர், இன்னைக்கு லேட்டு?" என்று நாங்கள் சீண்டுவோம். "அவர் ஓட்டினா லேட்டாகாது சார், வீட்டுக்கு வர்றதுதான் லேட்டாகும்" என்பார்.

அவர் பாடம் நடத்தும் விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தினமும் கரும்பலகையில் ஏதாவது ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக எழுதுவார். யாராவது எழுந்து சொல்லும் வரை அடுத்த கணக்குக்குப் போகமாட்டார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், மூணாவது வரி தப்பு" என்றாள். அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. "உட்காரும்மா" என்று அதட்டினார். டீச்சர் திரும்பி, "நிக்கட்டும் சார். அவ நிக்கணும்னுதான் அதை எழுதினேன்" என்றார். ஆசிரியர் அறையில் அன்று முழுவதும் எங்களுக்கு அதே பேச்சு.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டேன். என் மகள் கடலூரில் இருப்பதால் மாதம் இரண்டு மூன்று முறை அங்கே போவேன். அப்போதெல்லாம் டீச்சர் வீட்டிலும் ஒரு காப்பி உண்டு. அந்த ஆண்டுகளில்தான் அண்ணனுக்குச் சர்க்கரையால் பார்வை குறையத் தொடங்கியது. (ராஜமாணிக்கத்தை நான் அண்ணன் என்றே அழைப்பேன்.) ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சுற்றியிருந்த அத்தனை பேரும் சரியாகிவிடும் என்றே சொன்னோம். நானும் சொன்னேன். சரியாகவில்லை. வெளிச்சம் முழுவதும் போன பிறகு அவர் ஒருநாள், "இனிமே நீங்க எல்லாரும் எனக்கு நல்லதாத்தான் சொல்லுவீங்க. நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார். அதிலிருந்து எதையும் கேட்பதை விட்டுவிட்டார். மழை வருமா, யார் வந்திருக்கிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது, எதுவும் கேட்கமாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

ஜெர்மனியில் இருக்கும் தன் மகளிடம் சொல்லி டீச்சர் ஒரு பெட்டியை வரவழைத்தது அப்போதுதான். நீராவி என்ஜின் ஒன்றை அச்சு அசலாகச் சிறிய அளவில் கட்டுவதற்கான உதிரி பாகங்கள் அதில் இருந்தன. கட்டி முடித்தால் ஒரு முழ நீளம் வரும். பித்தளைத் தகடு, சக்கரம், குழாய், கைப்பிடி என்று சில நூறு துண்டுகள். கடுகைவிடச் சின்ன ஆணித்தலைகள்கூடத் தகட்டில் புடைத்து நின்றன.

"எதுக்கு டீச்சர் இந்த வயசுல இதெல்லாம்?" என்றேன்.

அண்ணன் காதில் விழாதபடி சொன்னார்: "இவர் தப்பு கண்டுபிடிக்கிற மாதிரி நான் ஏதாவது ஒண்ணு செய்யணும் சார். சமையல்ல சொல்லமாட்டேங்கறார். இதுலயாவது சொல்லுவாரு."

செய்முறைக் குறிப்பு ஜெர்மன் மொழியில் இருந்தது. கைப்பேசியைக் காட்டினால் தமிழாக்கிக் கொடுத்தது. ஓரிடத்தில் 'அதிகப்படியான கண்ணீரை உடனே துடைக்கவும்' என்று வந்தது. வழிகிற பசைத்துளியைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது. ஒட்டிய துண்டுகளைத் துணி கிளிப்பால் கவ்வி வைத்தார். வண்ணம் பூசியவற்றின் மேல் தூசி படாமல் எவர்சில்வர் அன்னக்கூடையைக் கவிழ்த்தார். கடலூர்க் காற்று ஈரக் காற்று. மழைக்கு முன்னால் அடித்த கறுப்பு வண்ணம், காய்வதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிற்று. அதன்மேல் இன்னொரு பூச்சு கனமாகக் கொடுத்ததில் ஆணித்தலைகள் எல்லாம் மூழ்கிவிட்டன.

அன்று நான் போயிருந்தேன். அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருந்தாரே என்று நானாக, "அசல் என்ஜின் மாதிரியே பளபளன்னு வந்திருக்கு அண்ணே" என்றேன். டீச்சர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"சார், பார்வை இல்லாதவர்கிட்ட பொய் சொல்றது ரொம்ப சுலபம். அதனாலதான் சொல்லக்கூடாது."

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காப்பி இறங்கவில்லை. அடுத்த வாரம் போனபோது வண்ணத்தை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒவ்வோர் ஆணித்தலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் ஆயிற்று. முடித்ததும் என்ஜினை அண்ணன் மடியில் வைத்தார். அவர் விரல்கள் புகைபோக்கியில் தொடங்கி, கொதிகலன் வழியாக, ஓட்டுநர் நிற்கும் கூண்டுக்குள் போயின. அங்கே சற்று நேரம் நின்றன. பிறகு, "அசல் என்ஜின்தான் மங்கை. ஒரு குறையும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டீச்சர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை.

விஷயம் வெளிவந்தது என்னால். பழைய பெட்டியைக் குடைந்தபோது ஒரு புகைப்படம் கிடைத்தது. மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போன நாளில் சிதம்பரம் நடைமேடையில் எடுத்தது. பின்னால் நீராவி என்ஜின், அதன் ஜன்னலில் சாய்ந்தபடி யாரோ ஓர் ஓட்டுநர். டீச்சருக்குப் பிடிக்குமே என்று எடுத்துப் போனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"சார், ட்ரைவர் இடது பக்கத்துல நிக்கிறாரு!"

ஜெர்மன் என்ஜினில் ஓட்டுநர் நிற்பது வலப்பக்கம். குறிப்பில் இருந்தபடியே டீச்சர் ஓட்டுநர் திருப்பும் சக்கரம், கைப்பிடி எல்லாவற்றையும் வலப்பக்கம் பொருத்தியிருந்தார்.

"வகுப்புல செய்யற மாதிரி வேணும்னே வச்சதா டீச்சர்?"

"இல்ல சார், நெஜமாவே தெரியல. நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எந்தப் பக்கம் நின்னு வண்டி ஓட்டினாருன்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல பாருங்க." பிறகு கணவரிடம் போய் எதிரில் நின்றார். "ஏங்க, நீங்க எந்தப் பக்கம் நின்னு ஓட்டினீங்க?"

"எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"இடது."

"இதுல எந்தப் பக்கம் இருக்கு?"

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தொட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் ஏன் குறையே இல்லன்னு சொன்னீங்க?"

"எட்டு மாசம் குனிஞ்சு ஒக்காந்து பண்ணியிருக்கே. எப்படி மங்கை சொல்றது?"

"எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு வாய மூடிக்கிட்டீங்களே. இப்ப நீங்க எனக்குச் சொன்னது என்ன?"

நான் கிளம்பலாமா என்று செருப்பைப் பார்த்தேன். அண்ணனுக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றுதான்.

"சரி, கேட்டுக்கோ! பக்கம் தப்பு. ஏறற படி ஜாஸ்தி உயரம், அதுல கால் வச்சா முட்டிதான் போவும். கரி அள்ளற சவளு இருக்கே, அது ரசம் ஊத்தற கரண்டி! அப்புறம் ஒரே பளபளப்பா அடிச்சிருக்கியாம். சார் சொன்னாரு. புகைபோக்கிப் பக்கம் எங்கடி பளபளக்கும்? அது வெந்த கறுப்பு. கொதிகலன் மட்டும்தான் மின்னும், அதுவும் நாங்க எண்ணெய்த் துணி போட்டுத் தொடைச்சா."

டீச்சர் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் எடுத்து வந்து கீழே உட்கார்ந்துவிட்டார். "மெதுவாச் சொல்லுங்க, எழுதணும்." பதினொரு தப்புகள். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

கூண்டைப் பிரித்துத் திரும்பக் கட்ட இன்னும் மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக விரலால் பார்த்துச் சொன்னார். கறுப்பு மூன்று விதமாக வந்தது. ஏறும் படி மட்டும் கடைசிவரை அவருக்குத் திருப்தியாகவில்லை. "அது பெட்டியோட தப்பு, என்னோடது இல்ல" என்று டீச்சர் சாதித்தார். அதற்குள் வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. "இன்னைக்கு வானம் எப்படி மங்கை?" என்று அண்ணன் கேட்பார். "அழுக்கா இருக்குங்க, மழை வராது" என்று டீச்சர் உள்ளபடி சொல்வார். "ரசத்துல உப்பே இல்ல" என்று அவர் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை, நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவியிடம்கூட நான் கண்டதில்லை.

இத்தனையும் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். வீட்டில் கூட்டம். கூடத்தில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, "தூங்கற மாதிரியே இருக்காங்க மாமா. முகத்துல சிரிப்புகூட அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் அண்ணன் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. மங்கை எப்படி இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்தாள். குனிந்து டீச்சர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"சிரிப்பு இல்ல அண்ணே. வாய் ஒரு பக்கம் லேசா கோணியிருக்கு. களைப்பாத்தான் தெரியறாங்க. நெத்தியில குங்குமம் பெருசா வச்சிருக்காங்க, ஆனா நடுவுல இல்ல. கொஞ்சம் விலகியிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"அவுங்களுக்கு வலப்பக்கம்."

அண்ணன் தலையை ஆட்டினார். கையை நீட்டி நெற்றியைத் தேடினார். இரு புருவங்களையும் தடவி நடுவைக் கண்டார். விலகியிருந்ததை வேட்டி முனையால் துடைத்தார். "குங்குமம் குடும்மா" என்றார். அந்தப் பெண் சிமிழைத் திறந்து நீட்டினாள். அவர் நிதானமாக வைத்தார்.

"இப்ப சார்?"

"நேரா இருக்கு அண்ணே."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

வணக்கம், டீச்சர்.