எங்கே தொடங்கிய நோய்

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோய்க்குறியீடு பதியும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. துணுக்காயிலிருந்து வந்த அம்மா ஒருவரின் கோப்பில் ‘நுரையீரல் புற்றுநோய்’ என்று மட்டும் இருந்தது. அங்கேயே தொடங்கியதா, வேறிடத்திலிருந்து பரவியதா? குறியீடு மட்டுமல்ல, மருந்தும் அதைப் பொறுத்தது. வார்டுக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

“அம்மா, முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்தனீங்களோ?”

“ஓம் பிள்ளை. கட்டியெண்டு கர்ப்பப்பையை எடுத்தவை. கிளினிக் கொப்பி இடம்பெயரேக்க துலைஞ்சுபோச்சு.”

“டொக்டருக்குச் சொல்லேல்லையோ?”

“அந்தப் பொடியனுக்கோ? என்ர மகனைவிடச் சின்னன். வெக்கமில்லையோ?”

அன்றே வைத்தியரிடம் சொன்னேன். மறுபடி பரிசோதித்து, கர்ப்பப்பையிலிருந்து பரவியதுதான் என்று கண்டு மருந்தை மாற்றினார்கள். அதன்பின் இரண்டு மாம்பழக் காலம் அந்த அம்மா எங்கள் அறைக்குக் கறுத்தக்கொழும்பான் கொண்டுவந்தார்.

இப்போது அவர் இல்லை. ஒரு நோயாளியின் கோப்பில் எல்லாம் எழுதியிருந்தாலும், அவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.