அக்கா தாண்டாத கிழக்கெல்லை

எங்கள் குடும்பத்து நிலப் பத்திரத்துக்கு ஆயுத பூஜைதோறும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டவன் நான். ஒரு வரிகூடப் படித்ததில்லை. சாமியை யாராவது படித்துப் பார்ப்பார்களா? இந்த மடத்தனத்தை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. என் மானத்தை நானே முதலில் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா மல்லசமுத்திரத்தில் பிறந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சித்தி வீட்டில் தங்கி, கல்லூரியில் வரலாறு படித்து, திருச்செங்கோட்டில் ஆசிரியை ஆனார். ஊரார் கொண்டுவரும் பழைய பத்திரங்களின் கிறுக்கலை அவர்தான் படித்துச் சொல்வார். "ராசாக்க கல்வெட்டுல இல்லாத சங்கதியெல்லாம் இதுல இருக்குது சாமி. யாரு எங்க நடந்தாங்க, எங்க தண்ணி மொண்டாங்கன்னு எல்ல எழுதறவன் எழுதித்தான ஆகோணும்?" என்பார். நான் கொட்டாவி விடுவேன்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் சோளக்காட்டின் கிழக்கோரம் கிடந்த தடத்தை அப்பாவும் நானும் முள்வேலி போட்டு அடைத்தோம். காலனி மக்கள் மயானத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி. அவர்கள் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார்கள். விசாரணையன்று பட்டுத்துணியில் சுற்றிய பத்திரத்தோடு அப்பா பக்கத்தில் போய் நின்றேன். "எங்க பத்திரத்துல தடமே கெடையாதுங்க. எங்கக்காளே படிப்பாங்க, கேளுங்க" என்று அவரை முன்னால் தள்ளியதும் நானேதான்.

அக்கா பத்திரத்தைப் புரட்டினார். ஒரு வரியில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தார்.

"படி சாமி, சத்தமா" என்றார் அப்பா.

"'சேரி ஜனங்கள் நடக்கும் மாமூல் தடத்துக்கு மேற்கு.'"

"அதுக்கடுத்ததப் படி."

"அடுத்தது வடக்கெல்லைங்கப்பா. கிழக்குக்கு இதுதானுங்க."

வேலி பிரிந்தது. பேசி முடித்திருந்த அக்காவின் கல்யாணமும் நின்றது. அப்பா கண்மூடும்வரை அவரோடு பேசவில்லை. "அந்த ஒரு வரியத் தாண்டியிருக்கலாமேக்கா?" என்று ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன்.

"தாண்டறதுக்கு நானெதுக்குடா? நீயே படிச்சிருந்தா எல்லாத்தையும் தாண்டியிருப்ப."

சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா கடைசிவரை தனியாகவே இருந்தார். அதற்கு யார் காரணம் என்று யோசிக்கும்போதெல்லாம் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன். நோயில் படுத்திருந்தபோதும் அவர் என்னை விடவில்லை. "நம்ம தாத்தன் அந்தக் காட்ட யாருகிட்ட வாங்குனாரு? அதுக்கு முந்துன பத்திரத்த எடுத்துப் பாத்தியா?" என்றார். பார்க்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்த சக ஆசிரியைகளுக்கும், மாறி மாறித் துணையிருந்த சித்தி மக்களுக்கும், கோபத்தை மறந்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் சாவுக்குக் காலனியிலிருந்தும் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரான மாராயம்மாவிடம் கைகூப்பி, "எங்கக்கா குடுத்த தடத்துலயே நடந்து வந்தீங்க, ரொம்பச் சந்தோசமுங்க" என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவிங்க குடுக்கலீங்க. அது எங்க தடம். நீங்க அடைச்சீங்க, அவிங்க படிச்சாங்க. அவ்வளவுதானுங்க."