நைனாவோடு பார்த்த படம்

தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து டீக்கடையில் வெங்காயச் சமோசா பொரிகிற வாசனை வந்தால் போதும், எதிரே இருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் மெல்லக் கரைந்து, முன்பு அங்கிருந்த தியேட்டர் எழுந்து வந்துவிடும். கடகடக்கும் மின்விசிறிகள், மூட்டைப்பூச்சி நாற்காலிகள், திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மிதக்கும் பீடிப் புகை, வசனங்களுக்கு நடுவே தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிற சத்தம் என்று எல்லாவற்றோடும்.

ஹார்பரில் கிரேன் ஓட்டிய அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அங்கே கூட்டிப்போவார். ஒருமுறை பார்த்த படத்தில் மீனவர் மகன் ஒருவன், தகப்பன் முன்னால் நின்று, கடலென்றால் தனக்குப் பயம் என்று சொன்னான். விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. நான் அழத் தொடங்கினேன்.

வெளியே வந்ததும் அப்பா, "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"எனுக்கும் பயம் நைனா. பசங்கல்லாம் பாறைமேலேர்ந்து கடல்ல குதிக்கிறானுங்கோ. என்னால முடில."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உப்புக்காற்றில், கல்மண்டபம் வரைக்கும் நடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனுக்கு மட்டும் இன்னா? தெனிக்கும் கிரேன் ஏறசொல்ல காலு நடுங்கும்டா. உங்கம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாத."

மறுநாளும் நான் குதிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தண்ணீரிலிருந்து ஒருவன், "இன்னாடா, பயமா கீதா?" என்று கத்தினான்.

"ஆமாடா, பயமாத்தான் கீது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.