கையை இழுக்காத ஜாக்கெட்

பாதி பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிரிசில்லாவின் கைகள் தையலை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டிருந்தன. துணியில் பிளேடு படக் கூடாது. நூல் மட்டும் அறுபட வேண்டும். ஊதா நிற ஜாக்கெட். வலது தோளில் தொடங்கி, கை வழியாக இறங்கி, அக்குளுக்கு வந்ததும் கைகள் நின்றன. அங்கே பிரிப்பதற்குத் தையலே இல்லை. துணி கிழிந்திருந்தது. நைந்து விட்டுப்போன கிழிசல் அல்ல அது. இழுத்துக் கிழிந்தது.

"ரொம்ப பலமா இழுத்துட்டீங்களாண்ணே?"

எதிரே நின்றவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்துருக்கேம்மா. அடுத்த பஸ்ஸப் புடிக்கணும்" என்றார்.

பிரிசில்லாவின் தையல் கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டின் முன்னறையில் இருக்கிறது. பிழைப்புக்கு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். அதோடு படுக்கையில் கிடப்பவர்களுக்கும் துணி தைப்பார். அதற்கென்று பலகை எதுவும் வைத்ததில்லை. யாராவது ஒரு நர்ஸ் சொல்லி அனுப்புவார். ஒரு வீட்டில் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டிலிருந்து வருவார்கள்.

அவருக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணவர் ராபர்ட் வயரிங் வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனது. அவருக்குச் சட்டை போடுவதே தினமும் ஒரு போராட்டமாக இருந்தது. ஒரு காலை ஆத்திரத்தில், சட்டையின் முதுகை மேலிருந்து கீழே கத்தரியால் வெட்டி, முன்பக்கமாகக் கைகளில் மாட்டிவிட்டார் பிரிசில்லா. ராபர்ட் தலையை மட்டும் தாழ்த்திப் பார்த்துச் சிரித்தார். "முன்னாடி பாத்தா ஆபீசர். பின்னாடி பாத்தா பிச்சைக்காரன்." அந்த வெட்டுக்கு மடிப்பு அடித்து நாடா வைத்ததுதான் தொடக்கம். ராபர்ட் இறந்த பிறகும் அந்தத் தையல் நிற்கவில்லை.

வந்தவர் பெயர் கொளஞ்சியப்பன். சிதம்பரத்தில் வீட்டு வாசலிலேயே சைக்கிள் ரிப்பேர் கடை. மனைவி தில்லையம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வலது கை முழங்கையில் மடங்கி, மார்போடு இறுகிக் கிடந்தது. நைட்டி போட்டுவிடலாமே என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தபோது நைட்டியைத் தொடாத மனுஷி. வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாததால் மாட்டிவிடுவதா என்று கொளஞ்சியப்பன் கேட்டார்.

"ஜாக்கெட் மாத்துறப்ப கத்துறாம்மா. தெருவே எட்டிப் பாக்குது. நான் அடிக்கிறேன்னு நெனைக்குதுங்க போல. அதுகூட பரவால்ல. இப்பல்லாம் என்னப் பாத்தாலே பயப்படுறா."

இதைச் சொல்லத்தான் அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

பிரிசில்லா பிரித்த ஜாக்கெட்டை மடித்து ஓரமாக வைத்தார். "இது அக்கா நல்லா இருந்தப்ப உள்ள அளவுண்ணே. இப்ப வேற. நேர்ல வந்துதான் எடுக்கணும்."

படுத்திருப்பவருக்கு அளவு எடுக்க உண்மையில் அதிக நேரம் பிடிக்காது. இதை பிரிசில்லா எந்த வீட்டிலும் சொன்னதில்லை. "காலைப் பொழுது முழுக்க ஆவும். கூட யாரும் நிக்கக் கூடாது. வெளில போய்ட்டு வாங்க" என்பார். ராபர்ட்டைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள், டீ குடித்தார்கள். நீ கொஞ்சம் நடந்துட்டு வா, நான் உக்காந்துருக்கேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தான் போயிருக்க மாட்டோம் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பொய். வெளியே அனுப்பினால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்து, வருகிற போகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சிதம்பரத்தில் அளவெடுக்கப் போன அன்று, வெளியே அனுப்பிய கொளஞ்சியப்பன் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அதுக்குள்ளயாண்ணே?"

"டீக்கடைல டீ மட்டுமா குடுக்குறான்? ஆளாளுக்கு வைத்தியம் சொல்றான். ஒருத்தன் புறா ரத்தம் தேய்ங்கிறான்."

"புறா சிக்குச்சா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் இருந்த தில்லையம்மாளைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவர் உள்ளே வந்தபோதே தில்லையம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முதலில் தைத்து எடுத்துப்போனது ராபர்ட்டின் சட்டை போலவே முதுகுப் பக்கம் திறக்கும் ஜாக்கெட். அன்று கொளஞ்சியப்பனின் தங்கை ரத்தினம்மாள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்தார். ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர். குரல் மில் சத்தத்துக்குப் பழகிய குரல். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ந்தாம்மா, என்னாதிது? முதுகுல தொறந்து கெடக்கு?"

"கைய அசைக்காம போடலாம்கா. பின்னாடி நாடா கட்டிட்டா போதும்."

"பொணத்துக்குத்தாம்மா முதுகுல வெட்டிப் போடுவோம். உசுரோட இருக்குற பொம்பளைக்கு இப்படித் தச்சு எடுத்தாந்துருக்கியே! எங்கண்ணி கேட்டுக்கிட்டுதான் கெடக்குறாங்க. வாய்தான் வரல, காது இருக்கு."

பிரிசில்லா ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ராபர்ட்டைக் கோட்டு சூட்டோடு பெட்டியில் வைத்தார்கள். யாரும் எதையும் வெட்டவில்லை. அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. இதுவரை எத்தனையோ வீடுகளுக்கு முதுகு திறந்த துணி தைத்துக் கொடுத்திருக்கிறார். அவர்களெல்லாம் என்ன நினைத்து வாங்கிக்கொண்டார்கள்? ஒருவர்கூடச் சொல்லவில்லையே. பஸ்ஸில் கடலூர் வரும்வரை அந்த நினைப்பு விடவில்லை.

புதிதாக வெட்டினார். முன்பக்கம் வழக்கம் போலக் கொக்கி. இடது கையும் வழக்கம் போல. வலது பக்கம் மட்டும் கழுத்திலிருந்து தோள் வழியாகக் கையின் விளிம்பு வரை திறந்து, விலாப் பக்கமும் இடுப்பு வரை திறக்கும். துணியை முதுகுக்குக் கீழே விரித்துவிட்டால், மடங்கிய கையை மடங்கினபடியே வைத்து, மேலிருந்து போர்த்திச் சிறு நாடாக்களால் முடிந்துவிடலாம். நாடா முடிச்சு படுக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டினால் புண்ணாகும். அதனால் விலா முடிச்சுகளை முன்பக்கமாகத் தள்ளி வைத்தார்.

கைத்தையல் மட்டும் போட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க சிதம்பரம் போனார். அவரும் அன்றும் வந்திருந்த ரத்தினம்மாளும் சேர்ந்து மாட்டினார்கள். ஒருக்களிக்க வைத்தபோது தில்லையம்மாள் ஒரு முறை முகம் சுளித்தார். அவ்வளவுதான். சத்தமே வரவில்லை.

"பாத்தியாண்ணே, ஒரு மூச்சு விடல!" என்றார் ரத்தினம்மாள்.

"கழட்டு. நான் போடுறேன். தெனம் நான்தான போடணும்."

கொளஞ்சியப்பன் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாத கை. கட்டிலருகே குனிந்தார். இன்னும் ஜாக்கெட்டை விரிக்கக்கூட இல்லை. தில்லையம்மாளிடமிருந்து, தெரு எட்டிப் பார்க்கும் அந்தச் சத்தம் வந்தது. நல்ல கையால் மடங்கிய கையைப் பொத்திக்கொண்டு, அசையும் பாதி உடம்பைச் சுவரை நோக்கி இழுத்தார்.

கொளஞ்சியப்பன் ஜாக்கெட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிரிசில்லா போய்ப் பார்த்தபோது, கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நீ போட்டப்ப வலிக்கலியேம்மா."

"இப்பவும் வலிக்கலண்ணே. வலிக்கப் போவுதுன்னு பயம்."

"நான் என்னா பண்ணேன்? ஒரு நாள் அழுக்கோட விட்ருக்கனா? ஒரு ஆளத் தொட விட்ருக்கனா?"

"அதாண்ணே. குளிப்பாட்டுறது, பொரட்டுறது, துணி மாத்துறது எல்லாம் உங்க கை. வலி வர்றதெல்லாம் அந்தக் கையோடதான் வருது. அக்காவுக்கு வேற கையே தெரியல."

அவர் சக்கரத்தை விடவில்லை.

"கொஞ்ச நாளைக்கு அந்த வேலைய வேற யார்கிட்டயாவது விடுங்கண்ணே. நீங்க கஞ்சி ஊட்டுங்க. தலைக்கு எண்ண வச்சி விடுங்க."

"பொண்டாட்டி துணிய மாத்த இன்னொருத்தரா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

பிரிசில்லா சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் என் கைதாண்ணே. அவுரு தம்பி செய்றேன்னாரு, விடல. நானே பாத்துப்பேன்னு பெருமையா சொல்லுவேன். கடைசில என் செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ண மூடிப்பாரு. தூங்குறாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாசற்படியில் நின்றிருந்த ரத்தினம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னைக்கே மூட்டையக் கட்டிக்கிட்டு வந்தேன். எம் பொண்டாட்டி அழுக்க எந்தங்கச்சி அள்ளணுமான்னு திருப்பி அனுப்பிச்சிட்டாரு. பெரிய ரோசக்காரரு."

"நீ சும்மா இரு ரத்தினம்."

"எதுக்கு சும்மா இருக்கணும்? எனக்கு அண்ணி இல்லியா அவுங்க?"

பிரிசில்லா கைத்தையல் போட்ட ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியபோதும் கொளஞ்சியப்பன் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார்.

கடைசித் தையலுக்கு பிரிசில்லா அவசரப்படவில்லை. உள்மடிப்பு ஒவ்வொன்றையும் தட்டையாக்கி, உடம்பில் உறுத்தாதபடி மறைத்துத் தைத்தார். நாடாக்களின் நுனியை மடித்து அடித்தார். முடித்தபின் உள்பக்கம் வெளியே திருப்பி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நூல் குத்தியது. அதைப் பிரித்து மறுபடி தைத்தார்.

அவர் சிதம்பரம் போனபோது, ரத்தினம்மாளின் புடவைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மில்லில் சொல்லிவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். கொளஞ்சியப்பன் அடுப்பங்கரையிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். வாசல் நிலையிலேயே நின்று, கிண்ணத்தை முதலில் முன்னே நீட்டிக் காட்டினார். தில்லையம்மாள் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகுதான் அவரைப் பார்த்தார். அதன் பிறகே அவர் உள்ளே காலெடுத்து வைத்தார்.

"தெனம் இப்படித்தான்" என்றார் ரத்தினம்மாள், மெதுவாக.

"பயம் போயிடுச்சாக்கா?"

"எங்க போச்சு. கஞ்சின்னா சரி. வெறுங்கையோட வந்தா இன்னும் செவத்தப் பாத்துக்குறாங்க."

கொளஞ்சியப்பன் ஊட்டி முடித்து, துணியால் மனைவியின் வாயை ஒற்றி எடுத்தார். துடைக்கவில்லை, ஒற்றினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

பிரிசில்லா பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து, கொளஞ்சியப்பனிடம் நீட்டினார். அதே ஊதா நிறம். அவர் அதன் தோள் பக்கத்தை, முடிந்திருந்த நாடாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய கை பாதி தூரம் எழுந்தது. பிறகு அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு கீழே விட்டுவிட்டார்.

"எங்கிட்ட வேணாம்மா. ரத்தினத்துகிட்ட குடு."

அவர் கட்டிலைத் தாண்டி வெளியே போகும்வரை காத்திருந்து, பிரிசில்லா ஜாக்கெட்டை ரத்தினம்மாளின் கையில் கொடுத்தார்.